சூசையனுக்கு யாரெல்லாம் கொடுத்துவிட்டார்கள்?

நாளை மறுநாள் முதல் இந்தக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நீங்கள் இருவரும் நிற்பீர்கள். எனக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. ஓய்வு பெற்றவர்கள் மாதிரி உட்கார்ந்துகொண்டு "எங்கள் காலத்தில்" என்று ஆரம்பிக்க இவளுக்கு என்ன தகுதி என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் மருந்துக் கடையில் நின்றவர்களுக்கு ஒரு வருடம் என்பது பத்து வருடம். அப்படிப் பார்த்தால் நான் பென்ஷன் வாங்க வேண்டியவள்.

எந்த மருந்தை எந்தத் தட்டில் வைப்பது, எதைக் குளிர்பெட்டியில் வைப்பது என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. கல்லூரியில் படித்திருப்பீர்கள். மறந்திருந்தால் தட்டிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் சொல்ல வந்தது, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடம் என்ன கேட்பது என்பதைப் பற்றி. ஒரே ஒரு கேள்விதான். அது எனக்குக் கிடைத்த கதையைச் சொல்லாமல் போனால் சாவியை ஒப்படைத்த மாதிரி இருக்காது.

அப்போது இந்தக் கடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாசலுக்குக் குறுக்கே வலை இழுக்கிற நைலான் கயிறு ஒன்றைக் கட்டியிருந்தோம். அதற்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும். ஆட்கள் இடைவெளி விட்டு நிற்கத் தரையில் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டிருந்தார் முதலாளி. வருகிறவர்கள் வட்டத்துக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரே இருக்கிற பலாமர நிழலுக்குப் போய்விடுவார்கள். செருப்புகள் ஒழுங்காக இடைவெளி விட்டு வரிசையில் நிற்கும். செருப்புகளின் சொந்தக்காரர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, சாயங்காலம் டிவியில் சொன்ன எண்ணிக்கையைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருப்பார்கள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று செருப்பைப் பார்த்தே ஆளைக் கூப்பிடப் பழகியிருந்தேன். "பச்சை வாருள்ளவிய வாருங்க" என்பேன். யாராவது ஓடி வருவார்கள். முகக்கவசத்துக்கு மேலே தெரியும் கண்களைத்தான் நான் மனப்பாடம் செய்திருந்தேன். இன்றைக்கும் அவர்களில் சிலரை மூக்கும் வாயுமாகப் பார்த்தால் யாரோ வெளியூர்க்காரர் போலிருக்கிறது.

அத்தனை பேருக்கும் வேண்டியது ஒன்றுதான். "சக்திக்குள்ளது." வைட்டமின் சி, சிங்க், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரே பெயர். ஆரியங்கோட்டிலிருந்து ஒரு ரப்பர் வெட்டுக்காரர் பைக்கில் வந்து, மாமியாருக்குப் புளிப்பு ஆகாது, புளிப்பில்லாத வைட்டமின் சி உண்டுமா என்று கேட்டார். இன்னொருவர் ஆரஞ்சு நிற மாத்திரையைச் சாக்லேட் மாதிரி சப்பிக்கொண்டே வந்து அடுத்த அட்டை கேட்பார்.

நான் அப்போது படிப்பை முடித்துப் புதிதாக வந்தவள். கூட்டம் குறைந்த நேரமெல்லாம் கைப்பேசியில் கட்டுரைகளாக வாசித்துத் தள்ளுவேன். ஒரு வாரம் வாசித்தது, இந்த வைட்டமின் கொரோனாவுக்கு உதவும் போலிருக்கிறது என்று சொல்லும். மறு வாரம் வாசித்தது, அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்று தலையைச் சொறியும். எனக்கு விளங்கியது இவ்வளவுதான். உடம்பில் குறைவாக இருப்பவருக்கு அந்தக் குறையை நிரப்புவது நல்லது. குறைவில்லாதவருக்கு மேலும் மேலும் கொட்டினால் வைரஸ் பயந்து ஓடும் என்று உறுதியாகச் சொல்ல எவரிடமும் ஆதாரம் இல்லை. இதை வரிசையில் நிற்கிறவர்களுக்கு நான் கை ஆட்டி விளக்குவேன். பொறுமையாகக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, "செரி மோளே, ரெண்டு அட்டை எடு" என்பார்கள்.

இனி எல்லையைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியும், இங்கே கேரளம் எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்பதை இரண்டு பக்கமும் வேர்விட்டிருக்கிற மரவள்ளிக் கிழங்கிடம்தான் கேட்க வேண்டும். பெண் எடுத்தது அங்கே, கொடுத்தது இங்கே, பள்ளிக்கூடம் இங்கே, சந்தை அங்கே. அந்த வருடம் ஒரு நாள் காலையில், கொரோனா எல்லை தாண்டக் கூடாது என்று, ஊடுவழிகளில் எல்லாம் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி அடைத்துவிட்டார்கள். காரோட்டுப் பக்கம் போகிற ஒரு வழியில் ஆள் உயரத்துக்கு மண்மேடு. அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தம்பி. முதல் வாரம் மேட்டைப் பார்த்து அழுதார்கள். இரண்டாவது வாரம் மேட்டின் மேல் பாய் விரித்துப் பொருள் மாற்றினார்கள். நம் கேரளப் பக்கத்திலிருந்து கருவாடு போகும், தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து முருங்கைக்காய் வரும், முருங்கைக்காய்க்கு அடியில் மருந்து வரும்.

மருந்து என்று சொன்னேன் அல்லவா, அதிலும் இரண்டு அரசாங்கம். தமிழ்நாட்டுப் பக்கம் கபசுரக் குடிநீர்ப் பொடி. கேரளப் பக்கம் ஆயுர்வேதச் சூரணமும் ஹோமியோ குளிகையும். எல்லையோர வீட்டுக்கு எல்லாம் வந்து சேரும். தேர்தல் நேரத்தில்கூட எங்கள் ஊரை இவ்வளவு பேர் கவனித்ததில்லை.

சூசையன் அப்படி எல்லாரும் கவனித்த ஆள். கடலுக்குப் போகிறவர். ஐம்பதைத் தாண்டியும் வள்ளத்தை ஒற்றைத் தோளால் தள்ளுவார் என்று சொல்வார்கள். அவருடைய மனைவி திரேசம்மா எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிறவர். கடலுக்குப் போகக் கூடாது என்ற தடை வந்தபிறகு சூசையன் வீட்டிலேயே இருந்தார். கொரோனா அவரைத் தொடவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரேசம்மா எப்போதும் வாங்குவது வைட்டமின் சியும் சிங்கும்தான், அதுவும் அளவாக. ஒரு நாள் வந்து, மலச்சிக்கலுக்கு ஏதாவது கேட்டார். கொடுத்தேன். அடுத்த தடவை வாந்திக்குக் கேட்டார். அதற்கடுத்து, சோறு இறங்கவில்லை, ஆள் சோர்ந்து கிடக்கிறார், இன்னும் கூடிய சக்திக்குள்ளது வேண்டும் என்றார். பரிசோதனை எடுத்தார்களா என்று கேட்டேன். எடுத்தார்களாம், கொரோனா இல்லை என்று வந்ததாம். மறுபடி எடுத்தபோதும் இல்லை என்றுதான் வந்ததாம்.

"அது ஒளிச்சிருக்கு மோளே" என்றார் திரேசம்மா, குரலைத் தாழ்த்தி. "மூக்கில கிடையாது. உள்ளுக்கு எறங்கியாச்சு. இப்ப தலைக்கு ஏறுது போல. நேத்து எனக்கிட்ட வலைய எங்க வச்சேன்னு சண்டை. மோன் ஷார்ஜாவில இருக்கான், அவன் வாசல்ல நிக்கான், அவனுக்கு வெள்ளம் குடுன்னு சொல்லுகாரு."

தண்ணீர் என்றதும் எனக்கு ஒரு பொறி தட்டியது. அவருக்கே தாகம் அதிகமா என்று கேட்டேன். குடம் குடமாகக் குடிக்கிறார், குடித்ததெல்லாம் சிறுநீராகப் போகிறது என்றார். சர்க்கரையாக இருக்கும் என்று நினைத்தேன். எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் கயிற்றிலிருந்து பின்னால் நகர்ந்துவிட்டார். அந்த நாட்களில் ஆஸ்பத்திரி என்றால் ஆம்புலன்ஸ் வரும், வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், மொத்தக் குடும்பத்தையும் அடைத்துவிடுவார்கள், கடைசியில் ஆளை முகம்கூடக் காட்டாமல் புதைப்பார்கள் என்ற பயம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலேயே அந்தப் பயம் இருந்தது.

முதலாளியிடம் சொல்லிவிட்டு, மத்தியானம் கடை அடைத்த நேரத்தில் சர்க்கரை பார்க்கிற சிறிய மெஷினை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதலாளி, "நீ என்ன டாக்டரா?" என்றார். இல்லை, அதனால்தான் போகிறேன், டாக்டர்களுக்கு நேரம் இல்லை என்றேன். தலையில் அடித்துக்கொண்டு தன் ஸ்கூட்டர் சாவியைத் தந்தார். அவரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. முதலில் தலையில் அடித்துக்கொள்வார், பிறகு சாவி வரும்.

சூசையன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. விரலைக் குத்தி ரத்தம் எடுத்தபோதுகூட முகம் சுளிக்கவில்லை. சர்க்கரை சாதாரணமாக இருந்தது. எனக்கு அந்த மெஷின் மேல் கோபமே வந்தது. மறுபடி குத்திப் பார்த்தேன், அதேதான்.

திரேசம்மாவிடம் கேட்டேன், இவர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று. "நீ தந்தது தான் மோளே. வேற என்ன?" என்றார், என் கண்ணைப் பார்க்காமல். நாட்டு மருந்து? இல்லை. வேறு கடையில் வாங்கியது? இல்லவே இல்லை. கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி எத்தனை விதமாகக் கேட்க முடியுமோ அத்தனை விதமாகக் கேட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அடுத்த வீட்டில், கொரோனா விவரங்களைப் பஞ்சாயத்துக்குச் சொல்கிற வார்டுத் தொண்டர் ஒருவர் குடியிருந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கட்டிலில் ஒரு மனிதர் கண் முன்னால் வற்றிக்கொண்டிருக்கிறார். சர்க்கரை இல்லை, காய்ச்சல் இல்லை, மூச்சுத் திணறல் இல்லை. வீட்டுக்காரி எதையோ மறைக்கிறார். மிரட்டினால் கதவு சாத்தப்படும். விட்டுவிட்டு வந்தால், அடுத்த வாரம் திரேசம்மா வேறு ஏதாவது மாத்திரை கேட்டு வருவார், அதற்கடுத்த வாரம் வரமாட்டார்.

அப்போது சூசையன் கண்ணைத் திறந்து, என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்துச் சொன்னார். "அருளு வந்திருக்கா. மண்ணுக்கு அங்கோட்டு வெயிலத்து நிக்கா. வாங்கிட்டு வா டீ."

திரேசம்மாவின் முகம் வெளிறிப் போனது.

அருள்மேரி சூசையனுடைய தங்கை, தமிழ்நாட்டுப் பக்கம் கட்டிக் கொடுத்தவர் என்பது எனக்குத் தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ வருகிறது, அதைச் சொன்னால் எல்லை தாண்டி வாங்கினார்கள் என்று வீட்டையே அடைத்துவிடுவார்கள் என்று திரேசம்மா பயப்படுகிறார். என்ன மருந்து என்று நான் கேட்பது அவர் காதில் போலீஸ்காரர் கேட்பது மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

நான் மெஷினைப் பைக்குள் வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கள் மாமாவும் அந்தப் பக்கம்தான், மேட்டின் மேல் ஏறி நின்று எங்களுக்குப் பப்பாளி எறிவார், பாதி நசுங்கித்தான் வந்து சேரும் என்று சொன்னேன். அது உண்மைதான். திரேசம்மா லேசாகச் சிரித்தார். பிறகு கேட்டேன்.

"இவருக்கு ஆரெல்லாம் குடுத்து விடுகாவ சேச்சி?"

மருந்து என்ற சொல்லே அதில் இல்லை. திரேசம்மா கட்டிலைப் பார்த்தார். பிறகு அவருக்குள் ஏதோ நிமிர்ந்தது. கணவரை யாரெல்லாம் நேசிக்கிறார்கள் என்று கேட்டால் எந்தப் பெண்ணால் சும்மா இருக்க முடியும்?

"ஆரு குடுக்கல்லே?" என்றார். "அருளு வாரா வாரம் குடுத்து விடுவா. மோன் கூட்டுக்காரன் வழியா கொரியர்ல விட்டான், சொர்ண நெறத்தில குளிகை, அங்க ராஜாவுக்க வீட்டிலயும் அது தான் திங்காவளாம். வள்ளத்தில கூட வாறவங்க கால்சியம் கொண்டு வந்து தந்தாவ. இவருக்கு ஒண்ணு ஆச்சின்னா அந்த வள்ளம் ஆரு எறக்குவா?"

எழுந்து போய் ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெருமையாகத்தான் கொண்டு வந்தார். அதைத் திறந்து கட்டிலில் கொட்டினார். 

அருள்மேரி அனுப்பியவை வைட்டமின் டி பொடிப் பொட்டலங்கள். உங்களுக்குத் தெரியும், குறைவு உள்ளவருக்கு வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர்கள் எழுதுகிற கூடுதல் அளவுப் பொட்டலம். மகன் அனுப்பிய தங்கக் குளிகையும் அதே வைட்டமின் டிதான், வேறு கம்பெனி, வேறு பெயர். வள்ளத்துக்காரர்கள் தந்த கால்சியத்திலும் அதுவே கொஞ்சம் சேர்ந்திருந்தது. பொட்டலம் எப்படிக் கொடுப்பீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன்.

"காலையில கருப்பட்டிக் காப்பியில ஒண்ணு கலக்குவேன். பொடியல்லவா?"

தப்பு நடந்த இடம் இதுதான். எங்கள் ஊரில் பொடி என்று வந்தால் அது தினமும் காப்பியில் கலக்குவதுதான். சுக்குப்பொடி, மல்லிப்பொடி, கபசுரப் பொடி, எல்லாம் அப்படித்தான். பொடியாக வருகிற ஒரு மருந்தை வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிடுவார்கள் என்பது திரேசம்மாவின் கனவிலும் வராது. பொட்டலத்தில் எழுதியிருந்தது அவருக்குத் தெரியாத மொழி. சோர்வு வரவர அவர் அளவைக் கூட்டியிருக்கிறார். மாதக்கணக்கில் இப்படி.

சேச்சி, நீங்கள் ஒன்று சாப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "எனக்கு எதுக்கு? நானா கடலுக்குப் போறது?" மீன் வீட்டுக்கு வந்தால் முதல் துண்டம் கடலுக்குப் போகிறவருக்கு. அது அந்த வீடுகளின் வழக்கம். மற்றவர்களுக்கும் பிரிந்திருக்க வேண்டியது முழுவதும் அந்த வழக்கப்படி ஒரே உடம்புக்குள் போயிருந்தது. கடை ஒன்றாக இருந்திருந்தால் எந்தக் கடைக்காரனாவது, இவ்வளவு எதற்கு என்று கேட்டிருப்பான். இங்கே மூன்று வழி, நடுவில் ஒரு மண்மேடு. எவர் கண்ணிலும் முழுதாகப் படவில்லை.

அளவுக்கு மீறிய வைட்டமின் டி ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், புத்தித் தடுமாற்றம், எல்லாம் அதன் பின்னால் வரும். எனக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கமே கண் முன்னால் தெரிந்தது. ஆனால் ரத்தம் சோதிக்காமல் நான் என்ன சொல்ல முடியும்? முதலில், இன்றைக்கு இதெல்லாம் நிறுத்த வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

"வைட்டமின் அல்லவா மோளே" என்றார் திரேசம்மா. "வைட்டமின் ஆரையாவது கொல்லுமா?"

இதற்கு என் கட்டுரைகளிலிருந்து பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கு சூசையன் அந்தக் கட்டிலை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். சமையலறையில் புளிப்பானை தெரிந்தது. சேச்சி, மீன்கறிக்கு எத்தனை சுளை குடம்புளி போடுவீர்கள் என்று கேட்டேன். மூன்றோ நாலோ என்றார். அருளு ஒரு பிடி, மகன் ஒரு பிடி, வள்ளத்துக்காரர்கள் ஒரு பிடி, எல்லாரும் நல்ல புளிதான், எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டால்?

திரேசம்மா கட்டிலில் கிடந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டின்னுக்குள் போட ஆரம்பித்தார்.  நான் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைக் கைப்பேசியில் அழைத்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், குரல் எப்போதும் களைத்துப் போய் இருக்கும். எல்லை தாண்டி வந்தது என்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குள் ஒரு தயக்கம். அதைச் சொன்னால் திரேசம்மா என்னை நம்பியது வீணாகும். மறைத்தால் கணக்கு தப்பும். தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். அவர் இடையில் வெட்டினார்.

"எங்கேருந்து வந்துன்னு எனக்கு வேண்டாம். எவ்வளவு உள்ளே போச்சு, அது சொல்லு."

கேள்வி கேட்கத் தெரிந்தவர் என்றால் இவரைத்தான் சொல்வேன். திரேசம்மாவுக்குச் சரியாக நினைவில்லை. அதனால் மேட்டுக்கு அந்தப் பக்கம் களியக்காவிளைப் பக்கத்து மருந்துக் கடையில் இருந்த, என்னோடு படித்தவனைக் கூப்பிட்டேன்.

"எலே, அருள்மேரின்னு ஒரு அக்கா உனக்கிட்ட டி பொட்டலம் வாங்குவாவளா?"

"உண்டு. கேரளத்துக்காரிக்கு இப்ப எங்க கடைக் கணக்கும் பாக்கணுமா?"

"எவ்வளவு வாங்கினாவ? ஒரு ஆளுக்க உயிராக்கும்."

அவன் குரல் மாறியது. அருள்மேரி பெட்டி பெட்டியாக வாங்கியிருக்கிறார். அண்ணன் வீட்டில் எல்லாருக்கும், அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து என்று சொன்னாராம். வாரத்துக்கு ஒன்றுதான் என்று அவன் சொல்லித்தான் கொடுத்திருக்கிறான். அருள்மேரியும் அதைப் பாயின் மேல் வைக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து கத்திச் சொன்னாராம். காற்றும் கூட்டமும், எது எவர் காதில் விழுந்ததோ. தீர்ந்துவிட்டது என்று அண்ணி சொல்லும்போதெல்லாம், வீடு முழுவதும் சாப்பிடுகிறது என்று தங்கை சந்தோஷப்பட்டிருக்கிறார்.

அன்று மாலையே சூசையனை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கொரோனா வார்டுக்கு அல்ல. டாக்டர் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். திரேசம்மா டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தார், யாருக்கோ பலகாரம் கொண்டு போகிற மாதிரி. ரத்தத்தில் கால்சியம் ஏறித்தான் இருந்தது. சிறுநீரகம் தள்ளாடத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அங்கே ஒருவர் ஆரம்பித்து, திரேசம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். எல்லாப் பொடியையும் குளிகையையும் நிறுத்தினார்கள். சலைன் ஏற்றினார்கள், மற்றவற்றையும் செய்தார்கள். நாங்கள் இங்கே காத்திருந்தோம். நான் பச்சை வாருச் செருப்பைக் கூப்பிட மறந்து மஞ்சளைக் கூப்பிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

சூசையனுக்குத் தெளிவு வந்தது என்ற செய்தி வருவதற்கு முன்பே கடைத் தொலைபேசியில் ஒரு அழைப்பு வந்தது. அருள்மேரி. கடை நம்பரைக் களியக்காவிளைக்காரன் கொடுத்திருக்கிறான். நலம் விசாரிக்கவில்லை, யார் நீ என்று கேட்கவில்லை.

"நான் குடுத்து விட்டதிலயா மோளே அண்ணனுக்கு இப்படி?"

மக்களே, இந்த வேலையில் மருந்தைவிடக் கஷ்டமானது இது. ஆமாம் என்றால் அந்த மனுஷி மேட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து கரைவார். இல்லை என்றால் பொய், நாளைக்கு மறுபடி பொட்டலம் வாங்குவார். நான் உண்மைக்குள்ளேயே தேடினேன். ஒன்று கிடைத்தது.

"நீங்க குடுத்தது மட்டும், நீங்க சொன்னபடி கலக்கியிருந்தா, ஒண்ணும் வந்திருக்காது அக்கா. எல்லாருக்க பாசமும் ஒரே நேரம் ஒரே காப்பியில விழுந்து போச்சு. அதாக்கும்."

அருள்மேரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "அப்ப இனி நான் அண்ணனுக்கு என்னத்தக் குடுத்து விட?"

கட்டுரைகளில் இதற்குப் பதில் இல்லை. முருங்கைக்காய் மட்டும் போதும் என்று சொன்னேன்.

சூசையன் மெலிந்து, தாடி வளர்ந்து, பழைய கிண்டல் வாயோடு வீடு திரும்பினார். பிறகு ஒரு நாள் ஜேசிபி வந்து மேட்டை அள்ளிக்கொண்டு போனது. அந்த மண்ணைப் பார்க்க ஊரே போயிருந்தது, நானும் போயிருந்தேன். மண் விலகவும் அருள்மேரி முதல் ஆளாக நடந்து வந்தார். அண்ணன் இந்தப் பக்கம் வழியோரத்தில் நின்றிருந்தார். தங்கையின் இரண்டு கையையும் பார்த்தார்.

"இவ்வளவு நாளும் ஆளு வராம பொட்டலம் வந்துது. இப்ப ஆளு வந்தப்ப வெறுங்கை. கொள்ளாம் டீ" என்று மெச்சுகிற மாதிரி சொன்னார்.

அருள்மேரி அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு அங்கே யார் சிரித்தார், யார் அழுதார் என்று முகக்கவசத்தில் தெரியவில்லை.

அதிலிருந்து சக்திக்குள்ளது கேட்டு யார் வந்தாலும் நான் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் கேட்பதில்லை. இது யாருக்கு, அவருக்கு வேறு யாரெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள் என்று கேட்பேன். என்ன என்று கேட்டால் மறைப்பார்கள். யார் என்று கேட்டால் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இதற்காக நம் கடைக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு, "ஆரு குடுத்த கடை". முதலாளிக்கு முதலில் கோபம். இப்போது அவரே யாராவது வழி கேட்டால் அந்தப் பெயரைச் சொல்கிறார். களியக்காவிளைக் கடைக்காரன் கேலி செய்துகொண்டே அந்தக் கேள்வியைத் தன் கடைக்கும் எடுத்துக்கொண்டான். அவனைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல உண்டு, ஆனால் அது மருந்துக் கதை அல்ல. எங்கள் கல்யாணப் பத்திரிகை உங்களுக்கும் வந்திருக்கும்.

கயிறு போய்விட்டது. சுண்ணாம்பு வட்டங்களை மழை கொண்டு போனது. சில நேரம், கூட்டம் கவுண்டரில் முட்டிக்கொண்டு நிற்கும்போது, எனக்கு அந்தச் செருப்பு வரிசை ஞாபகம் வரும். அவ்வளவு பயத்திலும் அவ்வளவு சிரித்திருக்கிறோம்.

நேற்று சூசையன் கடைக்கு வந்தார். நான் கடையை விட்டுப் போகிறேன் என்று திரேசம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார். வாழையிலையில் பொதிந்து ஒரு நெய்மீன் கொண்டு வந்திருந்தார். கவுண்டரில் வைத்தார்.  கை பொதியை வாங்கியது, வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

"இது ஆரு குடுத்து விட்டது?"

"கடல் குடுத்து விட்டது" என்றார். "வாரத்துக்கு ஒண்ணு தான் திங்கணும்னு சொல்லிராத பிள்ளே."